விளக்கும் குடமும்: வாக்குச் சீட்டுக்குக் காத்திருந்த தலைமுறை

இலங்கை சுதந்திரமடைந்த பின்னர் நாடு முழுவதையும் உள்ளடக்கிய சர்வஜன வாக்கெடுப்பு ஒரேயொரு தடவைதான் நடந்திருக்கிறது. 1982ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி, புதன்கிழமை நடந்தது அது. மக்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி எளிமையானது. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் நடத்தாமல், அதன் ஆயுளை மேலும் ஆறு ஆண்டுகளுக்கு, 1989 ஆகஸ்ட் 4ஆம் திகதி வரை, நீடிக்கச் சம்மதமா என்பதே அக்கேள்வி. சம்மதிப்பவர்களுக்கு விளக்குச் சின்னம். மறுப்பவர்களுக்குக் குடம்.

விளக்கு வென்றது. ஆதரவாக 3,141,223 வாக்குகளும் எதிராக 2,605,983 வாக்குகளும் கிடைத்தன. நூற்றுக்கு 54.66 வீதம் ஒருபுறம், 45.34 வீதம் மறுபுறம். வரலாற்று நூல்கள் பொதுவாக இந்த எண்களுடன் நின்றுவிடுகின்றன. அல்லது அந்த வாக்கெடுப்பில் நடந்த முறைகேடுகளைப் பட்டியலிட்டுவிட்டு 1983 ஜூலைக்குத் தாவிவிடுகின்றன. டிசம்பர் 1982க்கும் ஜூலை 1983க்கும் இடைப்பட்ட ஏழு மாதங்களில் வாக்களித்த தலைமுறைக்கும் வாக்குக்காகக் காத்திருந்த தலைமுறைக்கும் இடையே விழுந்த பிளவைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

இருவகைப் பிளவு

சர்வஜன வாக்கெடுப்பு ஒன்று முடிந்ததும் முதியோரும் இளையோரும் எதிரெதிராக நிற்கும் காட்சியை உலகம் அண்மைக் காலத்தில் பிரித்தானியாவில் கண்டது. 2016 ஜூன் 23ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதென 51.9 வீதமானோர் தீர்மானித்தனர். வாக்களித்தவர்களிடம் அன்று அஷ்கிரொஃப்ட் பிரபு நடத்திய கருத்துக் கணிப்பின்படி 18 முதல் 24 வயது வரையானவர்களில் நூற்றுக்கு 73 பேர் ஒன்றியத்தில் தொடர்ந்திருக்கவே விரும்பினர். 65 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 60 பேர் விலகுவதற்கு வாக்களித்தனர். நீண்ட காலம் வாழப்போகும் எங்களது எதிர்காலத்தை முதியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்று இளையோர் குமுறினர். இலண்டனில் வாழும் எமது மக்களின் வீடுகளிலும் அந்த விவாதம் நடந்தது.

ஆனால் அங்கே நடந்தது ஒரு கேள்விக்கு அளிக்கப்பட்ட விடை தொடர்பான பிளவு. அடுத்த முறை வாக்களிக்கும் உரிமையை எவரும் இழக்கவில்லை. 2016இல் பதினாறு வயதாக இருந்ததால் வாக்களிக்க முடியாமற் போனவர், 2019 டிசம்பர் பொதுத்தேர்தலில் வாக்களித்தார். 2024இலும் வாக்களித்தார். தோற்றவர்களுக்கு இன்னொரு நாள் இருந்தது.

இலங்கையில் நடந்தது வேறு. இங்கே வாக்குச் சீட்டு வயதைப் பதிவு செய்வதில்லை. யார் எந்த வயதில் விளக்குக்கு இட்டார்கள், யார் குடத்துக்கு இட்டார்கள் என்று எந்தக் கணக்கும் எடுக்கப்படவில்லை. அது தேவையுமில்லை. ஏனெனில் 1982இன் பிளவு விளக்குக்கும் குடத்துக்கும் இடையிலானதன்று. கேட்கப்பட்ட கேள்வியே அடுத்த தேர்தல் வேண்டுமா, வேண்டாமா என்பதுதான். ஏற்கனவே பாராளுமன்றத் தேர்தலில் வாக்களித்துப் பழகியவர்களின் பெரும்பான்மை, இன்னும் ஒரு தடவையேனும் வாக்களித்திராதவர்களின் உரிமையையும் சேர்த்து ஆறு ஆண்டுகளுக்கு ஒப்படைத்துவிட்டது.

19 ஆண்டுகள், ஒரு தேர்தல்

இதன் கனத்தை உணர்வதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். சர்வசன வாக்குரிமை 1931இலேயே இத்தீவுக்குக் கிடைத்துவிட்டது. ஆசியாவில் வேறெந்தக் குடியேற்ற நாட்டுக்கும் அப்போது அது கிடைத்திருக்கவில்லை. 1959இல் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. 1947 முதல் 1970 வரையான 23 ஆண்டுகளில் ஏழு பொதுத்தேர்தல்கள் நடந்தன. 1956 முதல் 1977 வரை ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் மக்கள் ஆட்சியை மாற்றினார்கள். வாக்குச் சீட்டினால் அரசாங்கத்தை வீட்டுக்கு அனுப்பலாம் என்பது சிங்கள, தமிழ், முஸ்லிம் கிராமங்கள் எல்லாவற்றிலும் வேரூன்றிய நம்பிக்கையாக இருந்தது.

அந்த ஒழுங்கில் முதற் கைவைத்தவர் ஜெயவர்தன அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1970இல் தெரிவான திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி அரசாங்கம் 1975இல் மக்களிடம் திரும்பிச் சென்றிருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பைக் கொண்டு தனது காலத்தை இரண்டு ஆண்டுகள் நீடித்துக்கொண்டது. அதற்கு வாக்கெடுப்புக்கூட நடத்தப்படவில்லை. 1977 ஜூலை 21ஆம் திகதி நடந்த தேர்தலில் மக்கள் அந்த அரசாங்கத்துக்குப் பாடம் புகட்டினர். ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 வீத வாக்குகளுடன் 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. நூற்றுக்கு 30 வீதமளவில் வாக்குப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே ஆசனங்கள். 18 ஆசனங்களை வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணி பிரதான எதிர்க்கட்சியாகி, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

ஆறில் ஐந்து பங்குப் பெரும்பான்மை என்ற அந்த அதிசயப் பரிசைத்தான் ஜனாதிபதி ஜெயவர்தன இழக்க விரும்பவில்லை. 1978ஆம் ஆண்டு யாப்பின்படி அடுத்த பொதுத்தேர்தல் விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையில் நடக்க வேண்டும். அந்த முறையில் ஐந்திலொரு பங்கு எதிர்க்கட்சி என்பது நடவாத காரியம். மூன்றில் இரண்டு பெரும்பான்மை கூடக் கிட்டாது. 1982 ஒக்டோபர் 20ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் அவர் 52.91 வீத வாக்குகளுடன் வென்றார். குடியியல் உரிமை பறிக்கப்பட்டிருந்த திருமதி பண்டாரநாயக்கவுக்குப் பதிலாக நின்ற ஹெக்டர் கொப்பேகடுவ 39 வீதம் பெற்றார். வெற்றிக் கையோடு பொதுத்தேர்தலுக்குப் போகலாம் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்த வேளையில், எதிர்க்கட்சிக்குள் இருக்கும் ‘நக்சலைட்’ கும்பல் ஒன்று தம்மைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றச் சதி செய்தது என்றும், அவர்கள் பாராளுமன்றத்துக்குள் நுழைவதைத் தடுக்கவே இந்த வாக்கெடுப்பு என்றும் அவர் அறிவித்தார். சுதந்திரக் கட்சியின் பிரபல நடிகரான விஜய குமாரதுங்க கைது செய்யப்பட்டார். சதிக்கான ஆதாரம் எந்த நீதிமன்றத்தின் முன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆளுங்கட்சி உறுப்பினர்களிடமிருந்து திகதியிடப்படாத இராஜினாமாக் கடிதங்கள் வாங்கப்பட்டன.

1970 மே மாதத்திலிருந்து 1989 பெப்ரவரி வரையான ஏறக்குறைய 19 ஆண்டு இடைவெளியில் இந்த நாட்டு மக்கள் ஒரேயொரு பொதுத்தேர்தலைத்தான் கண்டார்கள். அது 1977. 1960இல் பிறந்த ஒருவருக்கு அப்போது வாக்களிக்கும் வயது வந்திருக்கவில்லை. அவர் தமது பாராளுமன்ற உறுப்பினர் யார் என்பதை முதன்முதலாகத் தீர்மானித்தபோது அவருக்கு வயது 28 அல்லது 29. 1970இன் வாக்காளர் தமது இருபதுகளில் இரண்டு மூன்று தேர்தல்களைக் கண்டவராக இருந்தார். அவருடைய பிள்ளை ஒன்றுகூடக் காணாமல் முப்பதை நெருங்கியது.

வாக்கெடுப்பு நடந்த விதம்

1970 முதல் 1977 வரையான காலத்தின் பாண் வரிசைகளும், கூப்பன் துணியும், மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்லத் தடையும் தென்னிலங்கையின் மூத்த வாக்காளர் மனதில் இன்னும் பசுமையாக இருந்தன. விளக்கை ஏற்றாவிட்டால் அந்த இருள் திரும்பும் என்பதே அரசாங்கத்தின் பிரசாரம். கடைகளில் பொருள் நிறைந்திருந்ததைக் கண்டவர்கள் பலர் அதை நம்பினார்கள். அந்த அச்சத்தைப் பொய் என்று முற்றாக ஒதுக்கிவிட முடியாது.

எனினும் நியாயமான போட்டி நடக்கவில்லை. வாக்கெடுப்பு அவசரகாலச் சட்டத்தின் கீழ் நடந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் ‘அத்த’ நாளிதழ் மூடப்பட்டது. வாக்கெடுப்பை எதிர்த்த பௌத்த, கிறிஸ்தவ மதகுருமார்களின் ‘பவிதி ஹண்ட’ அமைப்பு அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களைப் பொலிஸார் கைப்பற்றினர். அது கருத்துச் சுதந்திரத்தை மீறிய செயல் என்று 1983 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து 10,000 ரூபா நட்டஈடு விதித்தது. அமைச்சரவையோ அந்தப் பொலிஸ் அதிகாரிக்குப் பதவி உயர்வு வழங்கியது. வாக்கெடுப்பு நாளில் குடத்தின் முகவர்கள் பல சாவடிகளிலிருந்து விரட்டப்பட்டதையும், ஆள்மாறாட்டம் நடந்ததையும், இரகசிய வாக்கு மீறப்பட்டதையும் தேர்தல் ஆணையாளரின் அறிக்கையே பின்னர் எடுத்துச் சொன்னது. அந்த அறிக்கை வெளிவந்தது 1987இல். அப்போது அது யாருக்கும் பயன்படவில்லை.

இவ்வளவு செய்தும் விளக்குக்குக் கிடைத்த வாக்குகள் இரண்டு மாதங்களுக்கு முன் ஜெயவர்தனவுக்குக் கிடைத்ததைவிட மூன்று இலட்சம் குறைவு. பதிவு செய்யப்பட்ட வாக்காளர் 81 இலட்சத்துக்குச் சற்று அதிகம். அவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கும் குறைவானோரே ஆறு ஆண்டு நீடிப்புக்குச் சம்மதம் தெரிவித்தவர்கள்.

மலையகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசாங்கத்தில் அமைச்சராக இருந்த தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் விளக்கின் பக்கம் நின்றது. ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தொழிலாளரில் பெரும் பகுதியினர் வாக்காளர் இடாப்பிலேயே இருக்கவில்லை. வாக்கில்லாமல் ஒரு தலைமுறை வளர்வது என்ன என்பதை ஏனைய சமூகங்கள் 1982இல் தான் அறியத் தொடங்கின. மலையகம் அதை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிந்திருந்தது.

யாழ்ப்பாணத்தின் விடை

தமிழ்ப் பகுதிகளில் இந்த வாக்கெடுப்புக்கு வேறொரு பரிமாணமும் இருந்தது. தமிழ் அரசியலின் மூத்த தலைமுறை, வாக்கை ஓர் ஆயுதமாகவே பாவித்து வந்தது. 1972ஆம் ஆண்டு யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்பதை நிரூபிக்கத் தந்தை செல்வநாயகம் அவ்வாண்டு ஒக்டோபரில் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, இடைத்தேர்தல் நடத்திப் பாருங்கள் என்று அரசாங்கத்துக்குச் சவால் விட்டார். அந்த இடைத்தேர்தலை நடத்த அரசாங்கத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1975 பெப்ரவரி 6ஆம் திகதி அது நடந்தபோது அவர் 16,000க்கும் மேற்பட்ட பெரும்பான்மையால் வென்றார். அடுத்த ஆண்டு மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. 1977 தேர்தலைக் கூட்டணி அந்தத் தீர்மானத்துக்கான மக்கள் ஆணையாகவே முன்வைத்தது. வடக்கின் 14 தொகுதிகளையும் அது வென்றது.

1975இல் ஒரு தடவை. 1977இல் மறுதடவை. பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு மக்கள் தெளிவாக விடையளித்தார்கள். அதன் பிறகு என்ன நடந்தது? 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. கூட்டணி ஏற்றுக்கொண்ட மாவட்ட அபிவிருத்தி சபைகளுக்கான தேர்தல் 1981 ஜூன் 4ஆம் திகதி நடக்கவிருந்த வேளையில், மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. தமிழ் இளைஞர் பேரவைக் காலத்திலேயே கூட்டணித் தலைவர்களுடன் முரண்படத் தொடங்கியிருந்த இளைஞர்கள், ஆணை வாங்கியவர்கள் அபிவிருத்தி சபையோடு திரும்பி வந்திருக்கிறார்கள் என்று ஏளனம் செய்தார்கள்.

1982 ஒக்டோபர் ஜனாதிபதித் தேர்தலில் கூட்டணி வேட்பாளரை நிறுத்தாது ஒதுங்கி நின்றது. தமிழ்க் காங்கிரஸின் குமார் பொன்னம்பலம் யாழ் மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர் இறக்குமதித் தடைக் காலத்துச் செழிப்பை மறக்காததால் கொப்பேகடுவ இரண்டாமிடம் பெற்றார். அன்று யாழ் மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 218,000. இரண்டு மாதங்களின் பின் வாக்கெடுப்பில் அது 290,000ஐத் தாண்டியது. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் குடத்துக்கு வாக்களித்தனர்.

இந்த எண்களை நின்று பார்க்க வேண்டும். தனிநாடு கோருவதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு மாவட்டத்தின் மக்கள், இலங்கைப் பாராளுமன்றத்துக்குத் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்பதற்காக வரிசையில் நின்று வாக்களித்தார்கள். நாட்டில் எந்த மாவட்டமும் இவ்வளவு உறுதியாக அதைக் கேட்கவில்லை. இலங்கை அரசின் தேர்தல் முறையில் யாழ்ப்பாணம் வைத்திருந்த நம்பிக்கையின் கடைசிப் பெரிய வெளிப்பாடு என்று அந்த நாளைக் கூறலாம். அதற்குக் கிடைத்த விடை, தேர்தல் இல்லை என்பது.

ஐந்து மாதங்களில்

வாக்கெடுப்பின் விளைவு கூட்டணியை விசித்திரமான நிலையில் தள்ளியது. அது எதிர்த்த நீடிப்பினால் அதன் உறுப்பினர்களின் பதவிகளும் நீடித்தன. 1977இல் ஆறு ஆண்டுகளுக்கு ஆணை பெற்றவர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் இருப்பது எப்படி நியாயம் என்ற கேள்விக்குக் கட்சிக்குள்ளேயே விடை இருக்கவில்லை. வெளியே நின்ற இளைஞர்கள் அதை மேலும் கூர்மையாகக் கேட்டார்கள்.

1983 மே 18ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல்கள் நடந்தன. தெற்கில் குடம் வென்ற தொகுதிகள் சிலவற்றில் ஆளுங்கட்சி உறுப்பினர்களைப் பதவி விலகச் செய்த ஜனாதிபதி, அதே நாளில் 18 இடைத்தேர்தல்களையும் நடத்தினார். வடக்கில் தமிழீழ விடுதலைப் புலிகள் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அறிவித்தனர். ஏப்ரல் இறுதியில் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். கூட்டணி போட்டியிட்டது. தேர்தல் நாளில் யாழ்ப்பாணத்தின் சாவடிகள் வெறிச்சோடிக் கிடந்தன. கந்தர்மடத்தில் சாவடிக் காவலில் இருந்த இராணுவச் சிப்பாய் ஒருவர் கொல்லப்பட, இராணுவம் அப்பகுதி வீடுகளுக்குத் தீ வைத்தது.

டிசம்பரில் வரிசையில் நின்றவர்கள் மே மாதத்தில் வீட்டில் இருந்தார்கள். இடையில் ஐந்து மாதங்கள். அச்சம் ஒரு காரணம். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அச்சம் மட்டுமே காரணமென்றால் மக்கள் அவ்வளவு ஒருமித்து ஒதுங்கியிருக்க மாட்டார்கள். வாக்களித்து என்ன கண்டீர்கள் என்று மகன் கேட்டபோது தகப்பனிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அரசியற் தலைமை முதியோரின் கையிலிருந்து இளையோரின் கைக்கு மாறியது 1983 ஜூலையில் என்று பொதுவாகச் சொல்லப்படும். அது மே 18ஆம் திகதியே மாறிவிட்டது என்பதே என் கணிப்பு. ஜூலை அதை உறுதிப்படுத்தியது.

ஜூலையில் மன்னாரில் கூட்டணி மாநாடு கூடிய நாட்களிலேயே கொழும்பு எரியத் தொடங்கியது. ஆகஸ்டில் பிரிவினைக்கு எதிரான சத்தியத்தைக் கட்டாயமாக்கும் ஆறாவது திருத்தம் வந்தது. சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தனர். இவ்வாறு விளக்கின் ஒளியில் நீடிக்கப்பட்ட பாராளுமன்றம், வடக்கின் 14 ஆசனங்களும் வெறுமையாகக் கிடக்க ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இயங்கியது. போர் பற்றிய சட்டங்களும் ஒதுக்கீடுகளும் இந்திய இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்த பதின்மூன்றாவது திருத்தமும் அந்தச் சபையில்தான் நிறைவேறின.

போருக்கு வாக்கெடுப்பே காரணம் என்று நான் கூறவில்லை. 1956இன் தனிச் சிங்களச் சட்டமும், பல்கலைக்கழகத் தரப்படுத்தலும், அடுத்தடுத்த இனவன்முறைகளும் அதற்கு முன்பே வேலையைச் செய்திருந்தன. ஆனால் துப்பாக்கியை எடுப்பதா, வேண்டாமா என்று வீடுகளுக்குள் நடந்த வாதத்தில் மூத்தவர்களின் கையிலிருந்த கடைசித் துருப்பை இந்த வாக்கெடுப்பு பிடுங்கிக்கொண்டது.

தெற்கின் இளைஞர்கள்

தென்னிலங்கையிலும் இதற்கு ஒப்பான கதை நடந்தது. 1971 கிளர்ச்சியில் தோற்ற மக்கள் விடுதலை முன்னணி, 1977க்குப் பின் பகிரங்க அரசியலுக்குத் திரும்பியிருந்தது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் றோகண விஜேவீர 273,428 வாக்குகளுடன் மூன்றாமிடம் பெற்றார். விகிதாசாரத் தேர்தல் நடந்திருந்தால் அக்கட்சி சில ஆசனங்களுடன் பாராளுமன்றத்துக்குள் வந்திருக்கக் கூடும். வாக்கெடுப்பு அந்தக் கதவை மூடியது. பெறுபேற்றை எதிர்த்து அக்கட்சி நீதிமன்றம் சென்றது. 1983 ஜூலைக் கலவரத்துக்கு அதுவும் வேறு இரு இடதுசாரிக் கட்சிகளும் காரணம் என்று கூறி அரசாங்கம் ஜூலை 30ஆம் திகதி அவற்றைத் தடை செய்தது. தலைமறைவான ஜே.வி.பி. 1987இல் ஆயுதங்களுடன் வெளிப்பட்டது. 1989 முடிவதற்குள் தெற்கின் பல்லாயிரம் இளைஞர்கள் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் 1977இல் வாக்களிக்கும் வயதை எட்டாதிருந்த பிள்ளைகள்.

இங்கே கசப்பான உண்மையொன்றையும் கூற வேண்டும். வாக்கைப் பறிகொடுத்த தலைமுறையின் பெயரால் எழுந்த இயக்கங்கள், தமது கை ஓங்கியபோது மக்களின் வாக்கைத் தாமே பறித்தன. 1988 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பவர்களைக் கொல்வோம் என்று ஜே.வி.பி. மிரட்டியது. 1982இல் நூற்றுக்கு 81 பேர் வாக்களித்த நாட்டில் அன்று வாக்களித்தவர்கள் 55 பேர். 2005 நவம்பரில் வடக்கில் புலிகள் திணித்த பகிஷ்கரிப்பினால் யாழ் மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர் கூட வாக்களிக்கவில்லை. அந்தத் தேர்தல் ஏறத்தாழ 180,000 வாக்குகளால் தீர்மானிக்கப்பட்டது. அதன் விலையை வன்னி மக்கள் கொடுத்தார்கள். வாக்கின் மதிப்பைச் சிறு வயதில் அனுபவித்து அறியாதவர்களுக்கு, பிறருடைய வாக்கைத் தடுப்பது பெரிய குற்றமாகத் தோன்றுவதில்லை.

1989 பெப்ரவரி 15ஆம் திகதி பொதுத்தேர்தல் நடந்தபோது பன்னிரண்டு ஆண்டுகளின் பின் வடக்கு கிழக்கு மக்கள் தமது பிரதிநிதிகளைத் தெரிவு செய்தார்கள். ஈரோஸ் அமைப்பின் ஆதரவுடன் சுயேச்சையாக நின்றவர்களுக்கு 13 ஆசனங்கள் கிடைத்தன. 1977இன் நாயகரான அமிர்தலிங்கம் மட்டக்களப்பில் தோற்றுத் தேசியப் பட்டியல் மூலமே பாராளுமன்றம் சென்றார். அவ்வாண்டு ஜூலை 13ஆம் திகதி கொழும்பில் புலிகள் அவரைச் சுட்டுக் கொன்றனர். கேள்வி கேட்ட தலைமுறையும் விடை சொல்ல முடியாத தலைமுறையும் சந்தித்துக்கொண்ட இடம் அதுவாக அமைந்தது எமது வரலாற்றின் பெருந்துயரம்.

அரசு கற்றதும் கற்காததும்

தெற்குக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது ஜனாதிபதி பிரேமதாச இளைஞர் அமைதியின்மை பற்றி ஆராய ஆணைக்குழு ஒன்றை நியமித்தார். 1990இல் வெளிவந்த அதன் அறிக்கை, அரசியல்மயமாதலும் அதிகாரத் துஷ்பிரயோகமும் இளைஞர் சீற்றத்தின் தலையாய காரணங்கள் என்றது. உள்ளூராட்சித் தேர்தல் வேட்புமனுக்களில் நூற்றுக்கு 40 வீதம் இளைஞர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்ற சட்டம் அதன் பின்னர் வந்தது. பிள்ளைகளுக்கு வாக்கை மறுத்ததற்கு அரசு செலுத்திய சிறு பிராயச்சித்தம் அது.

பாடம் முழுமையாகக் கற்கப்பட்டதா? 2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல்கள் பணமில்லை என்ற காரணத்தால் நிறுத்தப்பட்டன. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதியே அவை நடந்தன. 2024 மே மாதத்தில், நடக்கவிருந்த ஜனாதிபதித் தேர்தலையும் பொதுத்தேர்தலையும் இரண்டு ஆண்டுகள் பின்போட சர்வஜன வாக்கெடுப்பு நடத்தலாம் என்று ஐக்கிய தேசியக் கட்சியின் பொதுச் செயலாளர் பகிரங்கமாக யோசனை கூறினார். எதிர்ப்புக் கிளம்பியதால் யோசனை கைவிடப்பட்டது. ஆனால் 42 ஆண்டுகளின் பின்னும் அந்த விளக்கை மீண்டும் ஏற்றிப் பார்க்கும் ஆசை ஒருவருக்கு வந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாகாண சபைகளைப் பாருங்கள். வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்ததே முதலாவது தேர்தல். அதன் பதவிக் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025இலும் நடக்கவில்லை. 2013இல் 17 வயதாக இருந்த ஒருவர் 2025இல் 29 வயதை எட்டினார். 1977இல் 17 வயதாக இருந்தவர் 1989இல் எட்டிய அதே வயது.

சர்வஜன வாக்கெடுப்பில் ஒரு தலைமுறை தோற்பது குற்றமன்று. தோற்றவர்கள் அடுத்த தேர்தல் வரை வாதாடிக் கொண்டிருப்பார்கள். வென்றவர்களும் அந்த நாளை நினைத்துச் சற்று அடங்கி நடப்பார்கள். பெரியவர்கள் பிள்ளைகளிடம் பொறுமையாக இரு என்று சொல்வதற்கு, இன்ன திகதியில் உன் முறை வரும் என்று காட்டுவதற்கு ஒரு நாள் இருக்க வேண்டும். 1982 டிசம்பர் 22ஆம் திகதி இந்த நாட்டின் மூத்தவர்களிடமிருந்து பறிபோனது அந்த நாள்தான்.